உக்கிராணம் பார்ப்பவர்: வட்டார வேளாண்மை அலுவலகம் எப்படி இயங்குகிறது?

செட்டிநாட்டுக் கல்யாணத்தில் ஆயிரம் இலை விழுந்து எழுந்தால், சாப்பிட்டவர்கள் சமையல்காரரைத்தான் பாராட்டுவார்கள். கரண்டி பிடித்தவர் அவர், பாராட்டும் அவருக்குத்தான் சேர வேண்டும். ஆனால் அந்த விருந்தின் பாதிப் பொறுப்பு சாமான் அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடமாடும் இன்னொருவரிடம் இருக்கும். அவர் உக்கிராணம் பார்ப்பவர். எத்தனை பந்தி, எத்தனை படி அரிசி என்று நாட்கணக்கில் முன்னதாகவே சீட்டு எழுதியிருப்பார். வந்திறங்கிய பருப்பில் கையை விட்டு அளைந்து வண்டு இருக்கிறதா என்று பார்ப்பார். உலை கொதிக்கும்போது அரிசி களைந்து பக்கத்தில் இருக்கும். அவர் எதையும் சமைப்பதில்லை. அவர் ஒரு மணி நேரம் பிந்தினால் பந்தி முழுவதும் பிந்தும்.

அரசு வேளாண்மை அலுவலரின் வேலையும் இப்படிப்பட்டதுதான். சமைப்பவர் விவசாயி. வயல்தான் அடுப்பு. அலுவலர் உழுவதும் இல்லை, விதைப்பதும் இல்லை. சரியான சரக்கு சரியான நாளில் அடுப்படிக்கு வந்து சேர்கிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. அதைச் செய்ய அவர் வயலில் நின்றாக வேண்டும். இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைக் காரைக்குடிப் பக்கத்து மண்ணில் வைத்து, ஒரு பருவத்தின் வரிசையிலேயே பார்ப்போம்.

அடுப்படியில் யார் யார்?

மாநில அளவில் வேளாண்மை இயக்குநர், மாவட்டத்துக்கு வேளாண்மை இணை இயக்குநர், வட்டாரத்துக்கு வேளாண்மை உதவி இயக்குநர். சிவகங்கை மாவட்டத்தில் 12 வட்டாரங்கள் இருக்கின்றன. காரைக்குடியைச் சுற்றியுள்ள கிராமங்கள் சாக்கோட்டை வட்டாரத்தைச் சேர்ந்தவை. கல்லல், தேவகோட்டை, கண்ணங்குடி, திருப்பத்தூர் எல்லாம் அக்கம்பக்கத்து வட்டாரங்கள்.

உதவி இயக்குநருக்குக் கீழே வேளாண்மை அலுவலர், துணை வேளாண்மை அலுவலர், விதைக்கென்றே உதவி விதை அலுவலர், கிடங்கு மேலாளர் ஆகியோர் இருக்கிறார்கள். சில கிராமங்களைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் நடப்பவர் உதவி வேளாண்மை அலுவலர். பதவி வரிசையில் கடைசியில் நிற்கும் அவர்தான் விவசாயி முதலில் பார்க்கும் முகம். ஊரில் ‘அக்ரி ஆபீசர்’ என்றால் பெரும்பாலும் இவரைத்தான் சொல்கிறார்கள்.

செய்முறை எழுதித் தருபவர்கள் தனி. கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் உலர்நில வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் செட்டிநாட்டிலேயே இருக்கிறது, ஒரு வேளாண்மைக் கல்லூரியும் அங்கே வந்துவிட்டது. குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஆராய்ச்சி நிலையத்தில் கண்டறிந்த முறையை இந்த ஊர் மண்ணுக்கும் கண்மாய்க்கும் ஏற்றபடி சொல்லித் தருவது வட்டார அலுவலகத்தின் வேலை.

முதல் வேலை, சீட்டு எழுதுவது

இந்தப் பக்கத்து நெல் சாகுபடி டெல்டாவைப் போன்றதல்ல. மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 900 மில்லிமீட்டர், அதில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. ஆவணி, புரட்டாசியில் காய்ந்த புழுதியில் நெல்லை விதைக்கிறார்கள். முதல் மழையில் முளைத்து, வானத்தை நம்பி ஒரு மாதத்துக்கு மேல் வளர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகினால் மடை திறந்து நீர் பாய்கிறது. தை, மாசியில் அறுவடை. பயிரின் பாதிக் காலம் மானாவாரி, மீதிப் பாதி கண்மாய்ப் பாசனம்.

ஆகவே விதை ஆவணிக்கு முன்பே கிடங்கில் இருக்க வேண்டும். ஒரு கிராமத்தில் 200 ஏக்கர் புழுதி விதைப்பு என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 30 கிலோ விதை போட்டால் 6 டன் ஆகிறது. அந்த 6 டன்னை நினைத்த நாளில் கடையில் போய் வாங்க முடியாது. அது முந்தைய பருவத்திலேயே ஒரு விதைப்பண்ணையில் விளைந்து, ஆய்வில் தேறி, சுத்திகரிக்கப்பட்டு, மூட்டையாகி வந்திருக்க வேண்டும். அலுவலர் இன்று எழுதும் சீட்டில் அடுத்த ஆண்டு விருந்துக்கான கணக்கும் இருக்கிறது.

எந்த ரகம் என்பதும் இந்தச் சீட்டில்தான் முடிவாகிறது. கண்மாய் எப்போது நிறையும் என்று தெரியாத ஊரில் நீண்ட நாள் ரகத்தைக் கொண்டுவந்து குவித்தால் கடைசி மாதத்தில் பயிர் நீரில்லாமல் நிற்கும். பக்கத்து மாவட்டத்துப் பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 2009-இல் வெளியான அண்ணா 4 இந்தச் சிக்கலுக்காகவே வந்த ரகம். வறட்சியைத் தாங்கும், 100 முதல் 105 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். செட்டிநாட்டு வீடுகளில் விசேஷமென்றால் கவுனி அரிசி இல்லாமல் இருக்காது. அந்தக் கறுப்புக் கவுனியிலேயே நாள் குறைவான கோ 57 என்ற ரகத்தைப் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கிறது. இவற்றில் எது தன் கிராமத்துக்குப் பொருந்தும், எத்தனை மூட்டை வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு எழுதாத அலுவலகத்தில் வந்ததை வாங்கிக்கொண்டு போகும் நிலைதான் வரும்.

சரக்கில் கையை விட்டுப் பார்ப்பது

விதை மூட்டையில் தைத்திருக்கும் அட்டையின் நிறமே அதன் தரத்தைச் சொல்லும். ஆராய்ச்சியாளர் கையிலிருந்து வரும் வல்லுநர் விதைக்கு மஞ்சள் அட்டை. அதிலிருந்து பெருக்கிய ஆதார விதைக்கு வெள்ளை. ஆதார விதையிலிருந்து விளைந்து விவசாயி கைக்கு வரும் சான்று விதைக்கு நீலம். 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டத்தின் வழி வந்த ஏற்பாடு இது. நீல அட்டை பெற வேண்டுமானால் நெல் விதையில் சுத்தம் 98 சதவீதம், முளைப்புத்திறன் 80 சதவீதம் இருக்க வேண்டும், ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விதைப்பண்ணை வயலுக்கும் பக்கத்து வயலின் வேறு ரகத்துக்கும் நடுவே 3 மீட்டர் இடைவெளி வேண்டும். ஆய்வகத்தில் 400 விதைகளை முளைக்கவைத்துப் பார்க்கிறார்கள்.

விவசாயி வீட்டிலேயே சேர்த்துவைத்த விதையை என்ன செய்வது? நல்ல அலுவலர் அதையும் விடமாட்டார். 100 விதையை எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டி வைக்கச் சொல்வார். 80-க்குக் குறைவாக முளைத்தால் அந்த நெல் சோற்றுக்குத்தான் ஆகும். இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை, சொல்வதற்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

புழுதி விதைப்புக்கென்று இன்னொரு வேலை உண்டு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்து, ஒரு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் கரைசல் என்ற கணக்கில் 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு வரும்வரை உலர்த்தி விதைக்க வேண்டும். இதை விதையைக் கடினப்படுத்துதல் என்பார்கள். முளைத்தபின் மழை இரண்டு வாரம் பொய்த்தாலும் இந்த விதையிலிருந்து வந்த நாற்று ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஏக்கருக்குத் தேவை 300 கிராம் பொட்டாசியம் குளோரைடு. அது விதைப்புக்கு முதல் நாள் கையில் இருந்தால் பயன், மறுநாள் வந்தால் குப்பை.

உரக்கடை பக்கமும் இதே கண் வேண்டும். 1985-ஆம் ஆண்டு உரக்கட்டுப்பாட்டு ஆணையின்படி வேளாண்மை அலுவலருக்கு உர ஆய்வாளர் அதிகாரம் உண்டு. 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி மருந்துக்கடையிலும் ஆய்வு செய்யலாம். மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம், தரம் தவறினால் விற்பனையை நிறுத்தி வழக்குப் போடலாம். 45 கிலோ யூரியா மூட்டைக்கு அரசு வைத்த விலை 266 ரூபாய் 50 காசு. அந்த விலைக்குமேல் கேட்டாலும், வேண்டாத வேறொரு சரக்கையும் சேர்த்து வாங்கினால்தான் யூரியா என்று சொன்னாலும் விவசாயி போக வேண்டிய இடம் இந்த அலுவலகம்தான்.

பாத்திரம் பார்த்து உலை வைப்பது

பத்துப் படி பாத்திரத்துக்கும் இருபது படி பாத்திரத்துக்கும் ஒரே அளவு உப்பைப் போடுபவரைச் சமையலறையில் யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வயலில் மட்டும் அதை ஆண்டாண்டாகச் செய்கிறோம். பக்கத்து வயலுக்கு இரண்டு மூட்டை போட்டால் நமக்கும் இரண்டு மூட்டை. காரைக்குடிப் பக்கத்து மண் பெரும்பாலும் செம்மண், செம்பொறை. இந்த மண்ணில் போட்ட சத்து எளிதில் நிற்பதில்லை. போட வேண்டியதைப் பிரித்துப் பிரித்துப் போட்டாக வேண்டும்.

மண் மாதிரி எடுக்க ஏற்ற காலம் அறுவடை முடிந்த மாசி, பங்குனி. வரப்போரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றை விட்டுவிட்டு வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்ட வேண்டும். அந்தக் குழியின் சரிந்த பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, மீண்டும் கலந்து, மீண்டும் பிரித்துக் கடைசியில் அரைக்கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும். குழியின் அடிமண்ணை மட்டும் அள்ளினாலோ எருக்குவியல் இடத்தில் எடுத்தாலோ ஆய்வக முடிவு முழுதும் தவறாகிவிடும். அலுவலர் கூட நிற்பதன் அருமை இங்கேதான் தெரியும்.

2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 அளவுகள் பார்க்கிறார்கள். தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் நிலை, அங்ககக் கரிமம் என்று அட்டையில் எழுதியிருக்கும். அட்டையைக் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடாது. அதைப் படித்து, “அண்ணே, உங்க வயல்ல துத்தநாகம் குறையுது, ஏக்கருக்குப் பத்துக் கிலோ ஜிங்க் சல்பேட் போடுங்க, யூரியாவைக் குறைச்சுக்கலாம்” என்று ஒருவர் சொன்னால்தான் அந்த அட்டை வயலுக்குப் போகும். சொல்ல ஆளில்லாத அட்டைகள் வீட்டுப் பெட்டியில் பத்திரமாக இருக்கும்.

உப்புக்கு நேரம் உண்டு என்பதற்கு நிலக்கடலையைப் பாருங்கள். திருப்பத்தூர், சிங்கம்புணரிப் பக்கத்துச் செம்மண்ணில் கடலை போடுபவர்களுக்கு ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் பரிந்துரை. அதை 40 முதல் 45 நாளுக்குள், மண் அணைக்கும்போது போட வேண்டும். பூ கருவுற்று ஊசி மண்ணில் இறங்கும் காலம் அது. வளரும் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே நேராக உறிஞ்சிக்கொள்கிறது. அந்த நேரத்தில் அங்கே சத்து இல்லையென்றால் ஓடு இருக்கும், பருப்பு இருக்காது. எழுபதாம் நாள் ஜிப்சம் மூட்டை கிடங்குக்கு வந்து சேர்ந்து, பதிவேட்டில் ‘விநியோகிக்கப்பட்டது’ என்று எழுதினாலும் பொக்குக் கடலை நிறையப் போவதில்லை.

அடுப்பருகே நிற்பது

பால் பொங்குவதைத் தூரத்திலிருந்து தடுக்க முடியாது. நெற்பயிரில் குருத்துப்பூச்சி இறங்கினால் நடுக்குருத்து காய்ந்து பழுப்பாக நிற்கும். விரலால் பிடித்து இழுத்தால் தடையில்லாமல் கையோடு வந்துவிடும், அடியில் புழு கடித்த தடம் தெரியும். வயலைப் பார்த்ததும் பதறிப்போய் மருந்துக்கடைக்கு ஓடுவது இயல்புதான். கடைக்காரர் கொடுப்பதை வாங்கி அடிப்பதும் வழக்கம்.

அலுவலர் வயலில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

“மேடம், குருத்தெல்லாம் காயுது. மருந்து எழுதிக் குடுங்க.”

“எண்ணிப் பாத்தீங்களா ஐயா? வாங்க, நாலு இடத்துல பாப்போம்.”

எண்ணுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நூறு தூர்களில் பத்து காய்ந்திருந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். கதிர் வந்த பிறகு நூற்றுக்கு இரண்டு வெண்கதிர் என்பதுதான் எல்லை. அதற்குக் கீழே இருந்தால் விளக்குப்பொறி வைக்கலாம், பூச்சியின் முட்டையைத் தாக்கும் டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி அட்டையைக் கட்டலாம். பயிர் தானே புதுத் தூர் வெடித்துச் சரிசெய்துகொள்ளவும் வாய்ப்பு உண்டு. தேவையில்லாமல் அடிக்கும் ஒரு மருந்து விவசாயியின் பணத்தைத் தின்பதோடு நிற்பதில்லை. வயலில் இருந்த சிலந்தியையும் பொறிவண்டையும் கொன்று அடுத்த பூச்சிக்கு வழிவிடுகிறது. அந்த அலுவலர் அன்று எந்த மானியமும் கொடுக்கவில்லை. ஒரு மருந்துச் செலவை மிச்சப்படுத்திக் கொடுத்தார். இந்த உதவி எந்தப் பதிவேட்டிலும் ஏறாது என்பதுதான் இதிலுள்ள வருத்தம்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு

பழமொழியில் சொல்லும் அந்த ஒரு சோற்றைப் பதம் பார்ப்பது வேளாண்மையில் பயிர் அறுவடைப் பரிசோதனை. ஊர் முழுக்க என்ன விளைந்தது என்பதை ஒவ்வொரு வயலாக அளக்க முடியாது. ஆகவே குலுக்கல் எண்களின்படி சர்வே எண்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வயலின் ஒரு மூலையிலிருந்து நீளத்துக்கு இத்தனை அடி, அகலத்துக்கு இத்தனை அடி நடக்க வேண்டும் என்பதையும் குலுக்கல் எண்தான் சொல்லும். அலுவலர் தனக்குப் பிடித்த இடத்தைத் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

நின்ற இடத்தில் முளை அடித்து 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் கட்டுகிறார்கள். சதுரம் கோணவில்லை என்பதற்கு அத்தாட்சி மூலைவிட்டம், அது 7.07 மீட்டர் வர வேண்டும். கயிற்றுக்குள் இருக்கும் கதிரை மட்டும் அறுத்து, அங்கேயே அடித்து, தூற்றி, எடை போடுகிறார்கள். இந்த 25 சதுர மீட்டரில் ஒரு கிலோ நெல் கிடைத்தால் ஹெக்டேருக்கு 400 கிலோ, ஏக்கருக்குச் சுமார் 162 கிலோ என்று அர்த்தம். ஆக, அங்கே தராசு அரைக்கிலோ பிசகினால் ஏக்கர் கணக்கில் 80 கிலோ பிசகும்.

இந்த எடையில்தான் பயிர்க் காப்பீடு நிற்கிறது. 2016-இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம். மீதிப் பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. கிராமத்தின் சராசரி விளைச்சல், முந்தைய ஆண்டுகளைக் கொண்டு வைத்த உத்தரவாத மகசூலைவிட எவ்வளவு குறைந்ததோ அந்த விகிதத்தில் இழப்பீடு. எடுத்துக்காட்டாக, உத்தரவாத மகசூல் 2,000 கிலோவாக இருந்து பரிசோதனையில் 1,200 கிலோ வந்தால், குறைவு 800 கிலோ. காப்பீட்டுத் தொகையில் 40 சதவீதம் கிடைக்கும்.

“என் வயல் முழுக்கக் கருகிப்போச்சு, எனக்கு ஏன் வரலை?” என்ற கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது. கணக்கு தனி வயலுக்கல்ல, கிராமத்துக்கு. இதை விதைப்புக் காலத்திலேயே சொல்லிவிடுவது அலுவலரின் கடமை. பரிசோதனை நடக்கும் நாளில் போய் நின்று பார்ப்பது விவசாயிகளின் உரிமை. நம் ஊரின் இழப்பீடு அந்தக் கயிற்றுக்குள்ளேதான் தீர்மானமாகிறது.

விருந்துக்கும் வயலுக்கும் ஒட்டாத இடம்

சமையலறை ஒப்பீடு இதுவரை வந்தது. இதற்குமேல் வராது. கல்யாண வீட்டில் நெருப்பு நம் கையில் இருக்கிறது. ஏற்றலாம், தணிக்கலாம். சாம்பார் கெட்டுப்போனால் இன்னொரு அண்டாவை ஏற்றி அடுத்த பந்திக்குள் சமாளிக்கலாம். வயலில் மழை நம் கையில் இல்லை, போன பருவம் திரும்பி வராது.

2016-இல் வடகிழக்குப் பருவமழை மாநிலத்தில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தது. விதைத்த புழுதி நெல் முளைத்துக் கருகிய வயல்களில், எவ்வளவு நல்ல விதையும் எவ்வளவு நல்ல யோசனையும் மகசூலாக மாறவில்லை. அப்படிப்பட்ட ஆண்டில் அலுவலரின் வேலை வேறாகிவிடுகிறது. பாதிப்பைக் கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்து நேர்மையாக எழுத வேண்டும், காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் அந்தக் காகிதம் போய்ச்சேர வைக்க வேண்டும். விளையாத பருவத்தில்தான் விவசாயிக்கு அலுவலர் அதிகம் தேவைப்படுகிறார்.

நீரும் அவர் துறையில் இல்லை. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். வரத்துக்கால் தூர்ந்து கிடந்தால் வேளாண்மை அலுவலர் கடிதம் எழுதலாம், வெட்ட முடியாது. பண்ணைக்குட்டையும் டிராக்டர் வாடகையும் வேளாண்மைப் பொறியியல் துறைக்குப் போகும். காய்கறியும் பழமும் தோட்டக்கலைத் துறை. கடன் கூட்டுறவு சங்கத்தில், நெல் கொள்முதல் நுகர்பொருள் வாணிபக் கழகத்தில். ஆறு இடம் அலையும் விவசாயிக்கு எந்த வாசலில் எந்தக் காகிதத்தோடு நிற்பது என்று சொல்லித் தருவதும் இந்த ஒரே அலுவலகத்தின் தலையில் விழுகிறது.

அணைந்த அடுப்புகள்

பிழைப்புக்காக வெளியூரும் வெளிநாடும் போய்விட்ட குடும்பங்களின் நிலம் செட்டிநாட்டில் ஏராளம். உழவு நின்ற நிலத்தில் சீமைக்கருவேல் ஏறிவிடுகிறது. இரண்டு மூன்று வயல் தரிசானால், நடுவில் உழுபவருக்கும் பன்றித் தொல்லை, வாய்க்கால் அடைப்பு, கூலியாள் தட்டுப்பாடு என்று எல்லாம் கூடுகிறது. ஒருவரின் அடுப்பு அணைவது பக்கத்து அடுப்பையும் அணைக்கிறது.

2021-22-இல் தொடங்கிய கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டம் இதைக் குறிவைத்தது. 10 முதல் 15 ஏக்கர் தரிசைத் தொகுப்பாகச் சேர்த்து, முட்புதரை அகற்றி, நீர் இருந்தால் ஆழ்துளைக் கிணறும் சூரிய சக்தி மோட்டாரும் அமைத்து மீண்டும் சாகுபடிக்குக் கொண்டுவருவது அதன் வழி. காகிதத்தில் இது எளிது. நடைமுறையில் அந்தப் பதினைந்து ஏக்கருக்குச் சொந்தக்காரர்கள் பலர். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், இருவருக்குள் பாகப்பிரிவினை முடியவில்லை. இவர்களை ஒரு கையெழுத்துக்குக் கொண்டுவர இயந்திரம் கிடையாது. ஊரை அறிந்த, ஊர் நம்புகிற ஓர் அலுவலர் பலமுறை நடந்து பேசினால்தான் நடக்கும்.

சாவி ஒரு கையில், கணக்குப் புத்தகம் மறு கையில்

அலுவலரை வயலுக்கு அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. 1952 அக்டோபர் 2-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது கிராம சேவகர் வந்தார். அவர் விவசாயம், சுகாதாரம், சாலை என்று எல்லாவற்றுக்கும் ஒரே ஆளாக இருந்தார். 1980-களின் தொடக்கத்தில் உலக வங்கி உதவியோடு, டேனியல் பெனோர் வகுத்த ‘பயிற்சியும் பார்வையிடலும்’ முறை தமிழகத்துக்கு வந்தது. அதன் உயிர்நாடி ஒழுங்கு. சுமார் 800 விவசாயக் குடும்பங்களுக்கு ஓர் அலுவலர். பதினைந்து நாளைக்கு ஒருமுறை, அறிவித்த கிழமையில், அறிவித்த இடத்தில் அவர் இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் அவருக்கே பயிற்சி. அவர் கையில் மானியம் எதுவும் இல்லை, சொல்வதற்கு விஷயம் இருந்தது.

பிறகு திட்டங்கள் பெருகின. 2021 ஆகஸ்ட் 14-இல் வேளாண்மைக்கென்று முதல் தனி நிதிநிலை அறிக்கையை அமைச்சர் எம்.ஆர்.கே. பன்னீர்செல்வம் சட்டமன்றத்தில் வைத்தார். துறை ‘வேளாண்மை – உழவர் நலத் துறை’ ஆயிற்று. பணமும் கவனமும் கூடியது நல்லதுதான். கூடவே பதிவேற்றமும் கூடியது. உழவன் செயலி, பி.எம். கிசான் சரிபார்ப்பு, மண்வள அட்டைப் பதிவு, விவசாயிகளுக்கான தனி அடையாள எண், பயனாளி நிற்கும் புகைப்படம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் தேவையானதுதான். எல்லாம் சேர்ந்து விழுவது கிராமத்தில் நடக்க வேண்டிய அந்த ஒருவர் மேல். ஒரு பணியிடம் காலியானால் அங்குள்ள கிராமங்களும் பக்கத்து அலுவலருக்குக் கூடுதல் பொறுப்பாக ஏறுகின்றன. உக்கிராணம் பார்ப்பவர் முழு நாளும் கணக்கெழுதிக்கொண்டிருந்தால் அடுப்பருகே யார் நிற்பது?

அரசுக்கும் இது தெரியாமலில்லை. உழவர் – அலுவலர் தொடர்புத் திட்டம் வந்ததும், 2025-இல் ‘உழவரைத் தேடி’ என்று மாதத்தின் இரண்டாம், நான்காம் வெள்ளிக்கிழமைகளில் அலுவலர்களைக் கிராமத்துக்கே போகச் சொன்னதும் இந்தக் குறையை உணர்ந்துதான். அறிவித்த நாளில் அறிவித்த ஊரில் இருப்பது என்ற பழைய ஒழுங்குக்கே திரும்பி வந்திருக்கிறோம். அது நிலைக்க வேண்டுமானால் இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும். பதிவேற்ற வேலைக்கு வட்டார அலுவலகத்தில் தனி ஆள் வேண்டும். 2024 நவம்பரில் மின்னணு பயிர்க் கணக்கெடுப்புக்கு வேளாண்மைக் கல்லூரி மாணவர்களை இறக்கினார்கள். அதுபோல கணக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்க வழிகள் உண்டு. வயலில் நின்று பயிரைப் பார்த்துச் சொல்வதை மட்டும் வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது.

அலுவலரின் வேலையை அளக்கும் முறையும் மாற வேண்டும். எத்தனை மூட்டை கொடுத்தார், எத்தனை லட்சம் மானியம் செலவானது என்றே கேட்டுக்கொண்டிருந்தால் எழுபதாம் நாள் வந்த ஜிப்சமும் சாதனையாகத்தான் தெரியும். எந்த நாளில் கொடுத்தார் என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

விவசாயி எப்போது, எதைக் கேட்க வேண்டும்?

மாசி, பங்குனியில் மண் மாதிரி எடுக்க வரச்சொல்லிக் கேளுங்கள். சித்திரை, வைகாசியில் கோடை உழவோடு பசுந்தாள் உர விதை இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஆனி, ஆடிக்குள் எந்த ரக விதை எத்தனை மூட்டை வருகிறது என்று கேட்டு, உங்கள் தேவையை எழுதிக் கொடுத்துவிடுங்கள். விதை வாங்கும்போது நீல அட்டையையும் அதிலுள்ள காலாவதித் தேதியையும் படியுங்கள். ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். விதைத்ததும் கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடிச் சான்று பெற்று, நவம்பரில் வரும் கடைசித் தேதி வரை காத்திராமல் காப்பீட்டைக் கட்டிவிடுங்கள். சர்வே எண்ணும் பயிரின் பெயரும் சரியாக ஏறியிருக்கிறதா என்று ரசீதில் பாருங்கள். சொட்டுநீர் போட நினைப்பவர் சிறு, குறு விவசாயி என்றால் முழு மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். பூச்சி தெரிந்தால் கடைக்குப் போகுமுன் அலுவலருக்கு ஒரு போன் போடுங்கள். அறுவடைப் பரிசோதனை நாளை முன்கூட்டியே கேட்டு, நாலு பேராகப் போய் நில்லுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு செய்ய வேண்டியது ஒன்று. உங்கள் கிராமத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் உதவி வேளாண்மை அலுவலர் யார், எந்தக் கிழமை உங்கள் ஊருக்கு வருவார் என்று வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வந்தால் வயலுக்கு அழைத்துப் போங்கள், திண்ணையோடு அனுப்பிவிடாதீர்கள். தொடர்ந்து வராவிட்டால், மாதந்தோறும் மாவட்ட ஆட்சியர் தலைமையில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் அதை முதல் மனுவாக எழுதிக் கொடுங்கள். பணியிடம் காலியாக இருந்து அதனால் வரவில்லை என்றால், அதை நிரப்பச் சொல்லி ஊரோடு சேர்ந்து கையெழுத்திடுங்கள். நல்ல அலுவலருக்கும் அந்த மனு துணையாக நிற்கும்.